எல்லாருக்கும் பொதுவான நிறம்

திகதியைச் சரியாக நினைவில் வைத்திருக்கிறவன் மற்ற எல்லாவற்றையும் சரியாகச் செய்வான் என்று நான் நெடுங்காலம் நம்பிக்கொண்டிருந்தேன். எனக்குத் திகதிகள் அத்துப்படி. எங்கள் வெள்ளவத்தை பிளாட்டில் தண்ணீர் மோட்டர் எந்தெந்த நாட்களில் பழுதானது, என் மனைவி சுமதி கடைசியாக எப்போது நான் சொன்னதைச் சரியென்று ஒப்புக்கொண்டாள் என்று எதைக் கேட்டாலும் குறிப்புப் புத்தகத்தைப் புரட்டிச் சொல்லிவிடுவேன். (மோட்டருக்கு நான்கு பக்கம். சுமதிக்கு ஒரு வரி.) புதுக்கடையில் ஒரு சட்டத்தரணியிடம் கோப்புகளைத் திகதிவாரியாக அடுக்குவது என் தொழில். பழைய கட்டடங்களின் கதையை எழுதிவைப்பது பொழுதுபோக்கு. இவ்வளவு ஒழுங்கான ஒரு மனிதன்தான், ஒரு சனிக்கிழமை காலையில், உயிரோடிருந்த ஒரு பெண்மணிக்கு ஊரைக் கூட்டிச் செத்தவீடு நடத்தினான்.

நடந்து ஏழு வருடமாகிறது. நாளும் மாதமும் என்னிடம் உண்டு. ஆனால் இங்கே எழுத அனுமதி இல்லை. "திகதியைப் போட்டீங்களெண்டா என்ர வயசைக் கணக்குப் பாத்திடுவாங்கள் தம்பி" என்பது சம்பந்தப்பட்ட பெண்மணியின் கண்டிப்பான உத்தரவு. ஆகவே நேரங்களை மட்டும் தருகிறேன். அவை பிழைக்காது.

அந்தப் பெண்மணி ரத்தினம் மிஸ். கொட்டாஞ்சேனையில் ஒரு ஒழுங்கையின் முடிவில் இருக்கும் சின்னப் புரட்டஸ்தாந்து கோயிலில் நாற்பது வருடத்துக்கு மேல் ஓர்கன் வாசித்தவர். ஒரு காலத்தில் அந்தக் கோயிலில் நிற்கவும் இடமிருக்காதாம். பிறகு சபையாரில் பாதிப்பேர் கனடாவுக்குப் போனார்கள், கால்வாசிப்பேர் வத்தளைக்குப் போனார்கள், மீதிப்பேர் கனத்தை மயானத்துக்குப் போனார்கள். நான் அந்தக் கோயிலின் வரலாற்றை எழுதப் போன நேரம் எஞ்சியிருந்தவர்கள் ஒன்பது பேர். ஆராதனையில் பாடுகிற ஆட்களைவிட மேலே சுற்றுகிற மின்விசிறிகள் அதிகம். கோயிலை மூடிவிடுவது என்று மேலிடத்து நிர்வாகசபை முடிவெடுத்திருந்தது. பிளாட் கட்டுகிற ஒரு கம்பனி இரண்டு தரம் வந்து நிலத்தை அளந்துவிட்டுப் போயிருந்தது.

ரத்தினம் மிஸ் சனிக்கிழமைகளில் அந்தக் கோயிலில் ஒழுங்கைப் பிள்ளைகளுக்கு இலவசமாகப் பாட்டும் இசையும் சொல்லிக்கொடுத்தார். எந்தச் சமயம், எந்த மொழி என்று பார்க்கமாட்டார். குரல் கர்ணகடூரமாக இருந்தால் மட்டும் மேளத்தைக் கையில் கொடுத்துவிடுவார். கோயில் போனால் அவருக்கு வேறு இடமில்லை. ஒழுங்கையின் நடுவிலிருக்கும் அவருடைய வீடு இரண்டு அறை. அதில் ஓர்கனை வைத்தால் மிஸ் வெளியில் நிற்கவேண்டிவரும்.

"கோயிலா நடத்தேலாட்டி ஊருக்குப் பொதுவான இடமா நடத்துவம்" என்று மிஸ்தான் நிர்வாகசபைக்குக் கடிதம் எழுதினார். பாட்டு, சித்திரம், நடனம், நாடக ஒத்திகை, பின்னேரத்தில் வயதானவர்கள் இருந்து பேப்பர் பார்க்க ஒரு மூலை. நிர்வாகசபை யோசித்து யோசித்து ஒரு பதில் அனுப்பியது. ஒரு சனிக்கிழமை நிகழ்ச்சி ஒன்று வையுங்கள், எங்கள் செயலாளர் பதினொரு மணிக்கு வந்து பார்ப்பார். அக்கம்பக்கத்துச் சனத்துக்கு உண்மையிலேயே இந்த இடம் தேவை என்று அவருக்குப் பட்டால், ஒரு வருடத்துக்குக் கோயில் கதவுத் திறப்பு உங்களிடம். இல்லையென்றால் விற்பனை.

ஏற்பாட்டுப் பொறுப்பு என்னிடம் வந்தது. மிஸ் என்னைத் தெரிவு செய்ததற்குக் காரணம், நான் எல்லாவற்றையும் எழுதி வைக்கிறவன் என்பது. (அதற்கு முதல் ஒரு பிறந்தநாளைக்கூட நான் நடத்தியதில்லை என்பதை அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.)

முதலில் அழைப்பிதழ் அடித்தேன். மூன்று மொழி, எட்டுப் பக்கம், கோயிலின் வரலாறு ஆண்டுவாரியாக. வீடு வீடாகக் கொண்டுபோய்க் கொடுத்தேன். எல்லாரும் மரியாதையாக வாங்கி, "பாப்பம் தம்பி" என்றார்கள். எங்கள் ஊரில் இதற்கு என்ன அர்த்தம் என்று விளக்கத் தேவையில்லை. வெதுப்பகம் வைத்திருக்கும் நிலாம் நானா மட்டும் எட்டுப் பக்கத்தையும் புரட்டிப் பார்த்துவிட்டு, "இதில எத்தின மணிக்கு எண்டு எங்க போட்டிருக்கு?" என்று கேட்டார். ஏழாம் பக்கத்தில் போட்டிருந்தேன்.

அடுத்தது கொடி. ஒழுங்கை முகப்பிலிருந்து கோயில் வாசல் வரைக்கும் கொடி கட்டவேண்டும் என்பது என் விருப்பம். என்ன நிறம் என்ற கேள்வியில்தான் என் படிப்பெல்லாம் வேலை செய்யத் தொடங்கியது. இது எல்லாச் சமயத்தவரும் இருக்கிற இடம், ஒருவர் மனமும் நோகக்கூடாது. குறிப்புப் புத்தகத்தில் ஒரு அட்டவணை போட்டேன். அது இப்போதும் என்னிடம் இருக்கிறது:

மஞ்சள்: கத்தோலிக்கத் திருவிழா என்று நினைப்பார்கள். நீக்கவும்.
காவி: இந்துக் கோயில் தேர். நீக்கவும்.
பச்சை: பள்ளிவாசல், அத்துடன் ஒரு கட்சி. நீக்கவும்.
நீலம்: இன்னொரு கட்சி. நீக்கவும்.
சிவப்பு: மற்றுமொரு கட்சி. நீக்கவும்.
ஒறேஞ்ச்: தேசியக் கொடியில் தமிழருக்கு ஒதுக்கிய கோடு. வீண் கதை வரும். நீக்கவும்.
கறுப்பு: துக்கம். கட்டாயம் நீக்கவும்.
வெள்ளை: எல்லாருக்கும் பொதுவான நிறம்.

கறுப்புக்கு நேரே நான் எழுதியிருப்பதைத் தயவுசெய்து இன்னொரு தரம் வாசியுங்கள். துக்கத்தை அவ்வளவு கவனமாக விலக்கிய அதே பேனாதான் கீழே வெள்ளையை எழுதியது. இந்த நாட்டில் ஒரு ரோட்டில் வரிசையாக வெள்ளைக்கொடி கட்டியிருந்தால் அங்கே ஆரோ செத்துவிட்டார்கள் என்பது பாலர் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் என் மனதில் அவை கொடிகளாக இருக்கவில்லை. பத்தரை மணிக்குப் பிள்ளைகள் ஆளுக்கொரு கொடியை எடுத்துச் சித்திரம் கீறப் போகிறார்கள், பதினொரு மணிக்குச் செயலாளர் வரும்போது ஒழுங்கை முழுக்க வண்ணமாகப் பறக்கப் போகிறது என்பது என் திட்டம். நூற்றிருபது கொடி, நூற்றிருபது சித்திரம். காலை 6.50க்கும் பத்தரைக்கும் இடையில் அவை வெறும் வெள்ளையாக ஊரைப் பார்த்து ஆடிக்கொண்டிருக்கும் என்பது மட்டும் திட்டத்தில் இல்லை.

கொடி, கதிரை எல்லாம் வாடகைக்குக் கொடுக்கிறவர் அந்தோணி அண்ணன். போனில் சொன்னேன்.

"வெள்ளையா தம்பி? முழுக்க வெள்ளையா?"

"முழுக்க வெள்ளை அண்ணன். ஒரு பொட்டுக்கூட வேற நிறம் வரக்கூடாது."

போனை மற்றக் காதுக்கு மாற்றுகிற சத்தம் கேட்டது. பிறகு குரலைத் தாழ்த்தி, "நம்ம ரத்தினம் மிஸ்ஸுக்குத்தானே?" என்றார்.

"ஓம் அண்ணன். மிஸ்ஸுக்காகத்தான் இவ்வளவும் செய்யிறம்."

"நேத்தும் சந்தியில கண்டேனே..." என்றார். குரல் உடைந்திருந்தது. "கதிரை, மேசை எல்லாம் நான் பாத்துக்கிறேன். நீங்க மனச விட்டிராதீங்க தம்பி."

கலையை இவ்வளவு நேசிக்கிற ஒரு கதிரைக்காரர் கொழும்பில் இருக்கிறாரே என்று நான் நெகிழ்ந்துபோனேன்.

சனிக்கிழமை காலை 6.50க்கு நான் எழுதிய குறிப்பு: "கொடி வேலை பூர்த்தி. மிக அழகு." உள்ளே சபையார் இருக்கிற நீள வாங்குகளை முன்பே அகற்றியிருந்தோம். அந்தோணி அண்ணன் கதிரைகளை இரண்டு பக்கமும் ஒன்றையொன்று பார்க்கிற மாதிரி அடுக்கி, நடுவை வெறுமையாக விட்டிருந்தார். அந்த வெறும் இடத்தில் நான் ஒரு நீளமான மேசையைப் போட்டேன். அதன்மேல் வண்ணக் கிண்ணங்கள், தூரிகைகள். தூசி படக்கூடாது என்று எல்லாவற்றையும் ஒரு வெள்ளைத் துணியால் மூடினேன். தலைமாட்டில் (அப்போது 'ஒரு பக்கத்தில்' என்றுதான் நினைத்தேன்) பூச்சாடி ஒன்றும் வைத்தேன். பிறகு குளித்துவிட்டு சுமதியையும் வரலாற்றுப் பலகைகளையும் கூட்டிவர வெள்ளவத்தைக்கு ரயில் எடுத்தேன்.

அதே நேரம் ரத்தினம் மிஸ், முக்கியமான நாளாயிற்றே என்று, ஒருவரிடமும் சொல்லாமல் வீட்டைப் பூட்டிவிட்டு வத்தளைக்குத் தலை சோடிக்கப் போயிருந்தார். போனையும் நிற்பாட்டியிருந்தார். ஆக ஒழுங்கைச் சனம் எழும்பிப் பார்த்தபோது கண்டவை: வாசல் வரைக்கும் வெள்ளைக்கொடி, மிஸ்ஸின் கதவில் ஆமைப்பூட்டு, கேட்டதற்குக் கண்ணைத் துடைக்கிற அந்தோணி அண்ணன்.

கலியாணத்துக்கு எட்டுப் பக்க அழைப்பிதழ் கொடுத்தாலும் பார்ப்பம் என்பார்கள். செத்தவீட்டுக்கு அழைப்பே வேண்டாம்.

நாங்கள் திரும்பி வந்தபோது 10.05. ஒழுங்கைக்குள் திரும்பியதும் ஓட்டோக்காரர் பாட்டை நிற்பாட்டினார். ஆண்களும் பெண்களும் சாரிசாரியாகக் கோயிலுக்குள் போய்க்கொண்டிருந்தார்கள். எல்லாரும் வெள்ளை.

"பாத்தியா சுமதி," என்றேன், "எங்கட கொடிக்குப் பொருத்தமா உடுத்துக்கொண்டு வந்திருக்கினம்!"

சுமதி கொடிகளைப் பார்த்தாள். சனத்தைப் பார்த்தாள். "இஞ்சருங்கோ, ஆர் செத்தது?"

"ஒருத்தருமில்லை. இது நான் கட்டுவிச்ச கொடி."

பொங்கி அடுப்பில் ஊற்றுண்ட பாலைப் பார்ப்பதுபோல அவள் என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில்தான் எனக்கு எல்லாம் விளங்கியது.

உள்ளே இருநூறு பேர் இருப்பார்கள். கதிரை போதாமல் சுவரோரம் நின்றார்கள். வெள்ளைத் துணி போர்த்த மேசையைச் சுற்றிப் பூக்கள் குவிந்திருந்தன. ஒரு பக்கத்தில் கத்தோலிக்கப் பெண்கள் செபமாலை சொல்லிக்கொண்டிருந்தார்கள். (அந்தப் புரட்டஸ்தாந்துக் கட்டடத்தின் வரலாற்றில் இதுவே முதற்தடவை. இதையும் குறித்து வைத்திருக்கிறேன்.) நிலாம் நானா ஆறு தட்டம் பாணும் பணிஸும் கொண்டுவந்து வைத்திருந்தார். மிஸ்ஸின் பக்கத்து வீட்டுச் சிங்களப் பெண்மணி சோமா அக்கா, அவரிடம் தன் மூன்று பிள்ளைகளையும் பாட்டுக்கு விட்டவர், முன்வரிசையில் தலைகுனிந்து விம்மிக்கொண்டிருந்தார்.

நிலாம் நானா என் கையைப் பிடித்தார். "மௌத்துச் செய்தியச் சொல்ல ஒரு போன் எடுக்கக்கூடாதா தம்பி? கொடியப் பாத்துத்தான் எங்களுக்குத் தெரியும். மிஸ்ஸ இன்னும் கொண்டுவரல்லையா?"

"உடனே சொல்லிப்போடுங்கோ" என்று சுமதி முதுகில் இடித்தாள். நான் ஒலிவாங்கியை எடுத்தேன். வாயைத் திறந்தேன். அந்த நொடியில் வாசலில் ஒரு கார் வந்து நின்றது. நிர்வாகசபைச் செயலாளர் நாற்பது நிமிடம் முந்தி வந்துவிட்டார்.

அவர் கறாரான மனிதர் என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தக் கறாரான மனிதர் வாசலில் நின்று உள்ளே பார்த்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். மெதுவாக என்னிடம் வந்து தோளில் கைவைத்தார்.

"ஒரு கோயிலை மூடப் போறம் எண்டதுக்கு ஒரு ஒழுங்கையே வெள்ளை உடுத்து அழுறதை நான் எங்கேயும் கண்டதில்லை. சபைக்கு நான் வேற என்ன சொல்லவேணும்? இது போதும்."

ஒலிவாங்கி என் கையில் இருந்தது. உண்மை என் வாயில் இருந்தது. வாயைத் திறக்காமல் இருந்தால் மிஸ்ஸுக்குக் கோயில் கிடைத்துவிடும். சுமதியைப் பார்த்தேன். அவள் கூரையைப் பார்த்தாள். தெரிந்த ஒரு பிழையைத் திருத்தாமல் நான் வாழ்க்கையில் சும்மா இருந்தது 10.21 முதல் 10.30 வரையிலான அந்த ஒன்பது நிமிடம்தான்.  செயலாளர் முன்னுக்குப் போய் ஜெபம் பண்ணத் தொடங்கினார். எல்லாரும் கண்ணை மூடினார்கள்.

10.30க்கு ரத்தினம் மிஸ் உள்ளே வந்தார்.

கத்தரிப்பூ நிறச் சேலை, புதிதாகச் சுருட்டிச் சோடித்த தலை. சந்தியில் இறக்கிவிட்ட ஓட்டோக்காரர், "உள்ளுக்கு ஒரு செத்தவீடு, யாரோ பாட்டு டீச்சராம்" என்றிருக்கிறார். அந்த ஒழுங்கையில் தன்னைத் தவிர இன்னொரு பாட்டு டீச்சர் இருப்பது மிஸ்ஸுக்குப் புதுத் தகவல். ஆர் அது என்று பார்க்கத்தான் இவ்வளவு விரைவாக வந்தாராம். நேரே முன்வரிசைக்குப் போய், சோமா அக்காவின் பக்கத்தில் காலியாக இருந்த கதிரையில் அமர்ந்து, காதுக்குள், "கவுத?" என்று சிங்களத்தில் யாரென்று கேட்டார்.

சோமா அக்கா கண்ணைத் திறக்கவில்லை. "அபே மிஸ்" என்று விம்மினார். எங்கட மிஸ்.

"அனே பவ்" என்றார் மிஸ். ஐயோ பாவம்.

பிறகு இரண்டு பேரும் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

சோமா அக்காவின் அந்தச் சத்தத்தை எழுத்தில் கொண்டுவர என்னால் முடியாது. ஜெபம் பாதியில் நின்றது. அந்தோணி அண்ணன் தன்னுடைய வாடகைக் கதிரையிலேயே தொப்பென்று விழுந்தார். ஒரு கால் முறிந்தது. (கதிரையின் கால்.) செயலாளர் 'ஆமென்' சொல்ல மறந்து கையை விரித்தபடி நின்றார்.

"என்ன இது?" என்றார்.

ஒன்பது நிமிடம் அடைத்துவைத்த உண்மை அணை உடைந்த மாதிரி வந்தது. ஒலிவாங்கி கையில் இருந்ததும் மறந்துபோயிற்று. கொடி, சித்திரம், பத்தரை மணித் திட்டம் எல்லாவற்றையும் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆதாரம் காட்டவேண்டுமே! குறிப்புப் புத்தகத்தை விரித்து அட்டவணையை மஞ்சளிலிருந்து வாசித்தேன். "கறுப்பு: துக்கம். கட்டாயம் நீக்கவும்" என்ற இடத்தில் பின்வரிசையில் ஒருவர் சிரித்தார். "வெள்ளை: எல்லாருக்கும் பொதுவான நிறம்" என்றபோது கோயில் முழுக்கச் சிரித்தது. நிலாம் நானா சுவரைப் பிடித்துக்கொண்டார்.

செயலாளர் மட்டும் சிரிக்கவில்லை. "அப்ப நான் கண்டது செத்தவீட்டுக்கு வந்த சனம். இந்த இடம் தேவையெண்டு வந்தது ஒருத்தருமில்லை. நான் சபைக்கு என்னத்தைச் சொல்லுறது?" என்று வாசலைப் பார்த்து நடந்தார்.

மிஸ் எழுந்து குறுக்கே நின்றார்.

"ஐயா, நான் செத்தா வாறதுக்கு இவ்வளவு சனம் இருக்கு. உயிரோட இருக்கிற எனக்கு ஒரு இடம் தர ஏன் யோசிக்கிறீங்கள்?"

செயலாளர் வாசலிலிருந்து திரும்பினார். பிறகு ஒரு கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். "சரி. இப்ப ஒருத்தரும் சாகேல்லை. எல்லாரும் போகலாம். எத்தனை பேர் நிக்கினம் எண்டு நான் பாக்கிறன்" என்று மணிக்கூட்டைப் பார்த்தார்.

முதலில் பின்வரிசையில் ஒருவர் எழுந்தார். பிறகு நாலு பேர். பிறகு ஒரு வரிசை முழுக்க. சனிக்கிழமைதானே, எல்லாருக்கும் ஆயிரம் வேலை. மிஸ் ஓர்கனில் கையை ஊன்றிக்கொண்டு நின்றார். சோடித்த தலை அசையாமல் இருந்தது, கண் மட்டும் போகிறவர்களை ஒவ்வொருவராக எண்ணியது. அதைப் பார்க்க முடியாமல் நான் தரையைப் பார்த்தேன்.

அப்போது நிலாம் நானா வாசலில் நின்றபடி தன் ஆறு தட்டத்தையும் திரும்பிப் பார்த்தார்.

"மையத்து வூட்டுக்குக் கொண்டந்த சாப்பாட நாங்க திருப்பி வூட்டுக்குக் கொண்டுபோறல்லையே" என்றார்.

செபமாலைப் பெண்களில் ஒருவர், "நாங்களும் பூவத் திருப்பிக் கொண்டுபோகமாட்டோம்" என்றார்.

"எங்கட சைவத்திலயும் கூடாது" என்று சுமதி அவசரமாகச் சொன்னாள். சோமா அக்கா பெரிய கேத்தில் நிறையத் தேத்தண்ணி கொண்டுவந்திருந்தார். பௌத்தரான அவரும் தலையை ஆட்டினார். அந்தக் கட்டடத்தில் நான்கு சமயமும் ஒருமித்து ஒத்துக்கொண்ட முதல் விஷயம் அதுதான். சாப்பாட்டை வீட்டுக்குக் கொண்டுபோகக்கூடாது, எறியவும் கூடாது. ஆகவே, இருந்து சாப்பிட வேண்டும்.

எழுந்தவர்கள் இருந்தார்கள். ஒரு கையில் பணிஸோடு இருக்கிற மனிதனுக்கு மற்றக் கை சும்மா இருக்காது. சுமதி பூக்களை ஒதுக்கி மேசைத் துணியை இழுத்தாள். இவ்வளவு நேரமும் தாங்கள் மலரஞ்சலி செலுத்தியது வண்ணக் கிண்ணங்களுக்கு என்று கண்டதும் இன்னொரு சிரிப்பு எழுந்தது. அந்தோணி அண்ணன் ஓடிப்போய்க் கொடிகளை அவிழ்த்து வந்தார். பிள்ளைகளுக்கென்று கொண்டுவந்த தூரிகைகளைப் பெரியவர்கள்தான் முதலில் பிடுங்கிக்கொண்டார்கள். அந்தோணி அண்ணன் ஒரு கதிரை கீறினார். நிலாம் நானா பாண் கீறினார். சோமா அக்கா சிறகு முளைத்த மிஸ் ஒருவரைக் கீறி, பிறகு யோசித்துச் சிறகை அழித்தார்.

மிஸ் என்னுடைய குறிப்புப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு வரிசை வரிசையாகப் போனார். நல்ல வேளை, வந்தவர்களுக்கு நன்றி சொல்கிறார் என்று நினைத்தேன். பக்கத்தில் போய்ப் பார்த்தால் வராதவர்களின் பெயரை எழுதிக்கொண்டிருந்தார்.

"என்ர செத்தவீட்டுக்கு வராத ஆக்களைத் தெரிஞ்சுகொள்ள எத்தினை பேருக்குக் குடுத்துவைக்கும் தம்பி?" என்றார். பதினொரு பெயர். அந்தப் பக்கத்தைக் கிழித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். அதில் இரண்டு பேர் மறுநாளே மன்னிப்புக் கேட்டு கேக்கோடு வந்தார்களாம்.

பிறகு ஓர்கனில் போய் இருந்தார். கீர்த்தனை வாசிப்பார் என்று செயலாளர் எழுந்து நின்றார். மிஸ் வாசித்தது பைலா, கலியாணவீட்டு ஆட்டப் பாட்டு. வெள்ளை உடுத்த இருநூறு பேரும் எழுந்து ஆடியதை வெளியிலிருந்து பார்த்த ஒரு வழிப்போக்கர் சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டு போனதாக அந்தோணி அண்ணன் சாட்சி சொல்கிறார்.

செயலாளரும் ஒரு கொடி கீறினார். தென்னைமரம் என்றார். விளக்குமாறு மாதிரி இருந்தது. 4.35க்குப் புறப்படும்போது திறப்பை மிஸ்ஸின் கையில் வைத்து, "ஒரு வருஷம். பிறகு பாப்பம்" என்றார். எங்கள் ஊர்ச் சனம் சொல்கிற 'பாப்பம்' போலில்லை அது. ஒவ்வொரு வருடமும் அவரே வந்து பார்க்கிறார், புதுப்பிக்கிறார். கோயிலில் இப்போது கிழமையில் ஐந்து நாள் வகுப்பு. மிஸ்ஸுக்கு மாணவர்கள் கூடி, மேளம் போதாமல் போய்விட்டது.

அந்த நாளை ஆண்டுவிழாவாக வைக்கிறோம். அதற்கு நான் 'அயல்வாசிகள் கலை நாள்' என்று மூன்று மொழியிலும் பெயர் வைத்தேன். ஒருவரும் அந்தப் பெயரைச் சொல்வதில்லை. ஒழுங்கையில் எல்லாருக்கும் அது 'மிஸ்ஸின்ட செத்தவீடு'தான். மிஸ்ஸும் அப்படித்தான் சொல்கிறார். "இந்த வருஷம் என்ர செத்தவீட்டுக்கு வெள்ளனவா வாங்கோ தம்பி" என்று போனில் அவர் உரத்துச் சொல்ல, என் அலுவலகத்தில் பக்கத்து மேசைக்காரர் எழுந்து நின்றுவிட்டார்.

வீட்டில் எனக்கு நிறம் தெரிவு செய்கிற உரிமை அன்றோடு போயிற்று. திரைச்சீலையோ சட்டையோ, எதுவென்றாலும் சுமதிதான். போன கிழமை காலி வீதியில் ஒரு புடைவைக் கடைக்கு என்னையும் கூட்டிப் போனாள். விற்பனைப் பெண் பிள்ளை பணிவாக, "என்ன விசேஷத்துக்கு அக்கா?" என்று கேட்டது.

"ஒரு செத்தவீட்டுக்கு," என்றாள் சுமதி. "நல்ல பளிச்செண்ட கலரில, ஆடக்கூடின மாதிரி ஒண்டு காட்டுங்கோ."

அந்தப் பிள்ளை சேலையை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றது.